தனிமனிதன் எந்தக் கப்பலில் வந்தான்?

சினிமா பற்றி நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டும். தனிமனிதன், அவனுடைய சுதந்திரம், அவனுக்கும் சமூகத்துக்கும் நடக்கும் இழுபறி எல்லாமே மேற்கத்தியச் சரக்கு. ரூசோவும் மில்லும் சார்த்தரும் தங்கள் ஊர்த் தலைவலிக்குத் தேடிக்கொண்ட மருந்து. நாம் கூட்டாக வாழ்ந்து பழகியவர்கள். நம் படங்களில் போய் அந்தத் தத்துவத்தைத் துழாவுவது வேண்டாத வேலை. இதைச் சொல்பவர்கள் ஒரே முகாமைச் சேர்ந்தவர்கள் இல்லை. பண்பாட்டைக் காப்பாற்றக் கிளம்பியவர் சொல்கிறார். தனிமனிதவாதம் முதலாளிகளின் கண்டுபிடிப்பு என்று நம்பும் தோழரும் சொல்கிறார். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.

வாதத்தோடு ஒரு பரிந்துரையும் வரும். பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூர் அரசு கலை அறிவியல் கல்லூரியைப் போல, சுற்றுப்பட்டிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில், வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வந்த பெண்ணுக்கு எதற்கு 'ஹை நூன்' போன்ற ஹாலிவுட் படம், எதற்கு இப்ஸன் நாடகம்? மண் மணக்கும் படமாகப் போடுங்கள், போதும். கேட்க அக்கறை போலத்தான் இருக்கிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் ஊரில் பிறந்தவளுக்குத் தன்னைப் பற்றி யோசிக்கத் தெரியாது என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

இந்த வாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி கதை முடிந்துவிடும்.

இந்தியக் கிராமம் வெளியாரை எதிர்பாராத, தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் சின்னஞ்சிறு குடியரசு என்று 1830இல் எழுதிவைத்தவர் சார்லஸ் மெட்காஃப். டில்லிப் பக்கம் வேலை பார்த்த கம்பெனி அதிகாரி. ராஜ்யங்கள் வரும் போகும், கிராமம் மட்டும் அப்படியே இருக்கும் என்ற அவருடைய சித்திரம் வெள்ளைக்கார நிர்வாகத்துக்குச் சௌகரியமாக இருந்தது. வரி வசூலிக்க ஆளாளாகத் தேடி அலைவதைவிட ஊரை மொத்தமாகப் பிடிப்பது எளிது.

அடுத்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். தனிமனித சுதந்திரத்துக்கு மேற்கில் வேதம்போல் மதிக்கப்படும் நூலை 1859இல் வெளியிட்டவர். அதற்கு முந்தைய ஆண்டு வரை, 1823 தொடங்கி முப்பத்தைந்து வருஷம், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் இந்தியாவுக்குப் போகும் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்த உத்தியோகஸ்தர். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பா ஜேம்ஸ் மில்லும் இந்தியாவுக்கு வராமலேயே 1817இல் இந்திய வரலாறு எழுதியவர். குடும்பத் தொழில் போலிருக்கிறது. மகன் தன் நூலின் முதல் அத்தியாயத்திலேயே கதவைச் சாத்திவிடுகிறார். இந்தச் சுதந்திரம் பக்குவம் வந்த சமூகங்களுக்கு மட்டும்தான். காட்டுமிராண்டி நிலையில் உள்ளவர்களை அவர்கள் முன்னேற்றத்தின் பேரில் சர்வாதிகாரமாக ஆளலாம், தப்பில்லை. அந்த 'அவர்கள்' பட்டியலில் நாமும் உண்டு. ஆக, தனிமனிதன் என்ற கருத்து உங்களுக்குப் பொருந்தாது என்று நம்மிடம் அன்றே சொன்னவர் மில். நம்மவர்கள் இன்று அதைச் சுதேசிக் கருத்தாகத் திருப்பிச் சொல்கிறார்கள்.

மூன்றாமவர் நம் பக்கத்துக்கே வந்துபோனவர். பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கிக் களப்பணி செய்தவர். 1966இல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூல், இந்தியாவில் தனிமனிதன் ஒரு மதிப்பாக இருப்பதே இல்லை, சமூகத்தை விட்டு வெளியேறிய சந்நியாசி மட்டுமே இங்கே தனிமனிதன் என்று வாதிட்டது. சாதி வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட இனிப்பான ஆய்வு கிடைக்குமா?

'கூட்டு வாழ்வே நம் இயல்பு' என்ற நம்பிக்கையின் ஊர் பேர் இதுதான். கப்பலில் வந்தது அது.

இதற்குப் பதில் நம் பக்கமிருந்து 1948 நவம்பர் 4ஆம் தேதியே சொல்லப்பட்டுவிட்டது. அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு வரைவைத் தாக்கல் செய்த அம்பேத்கர், மெட்காஃபின் அந்த வருணனையை எடுத்துக்காட்டி, கிராமத்தைக் கொண்டாடும் படித்தவர்களின் பரவசத்தை நார்நாராகக் கிழித்தார். இந்த வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்றார். லண்டன் மேஜையில் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. குடிக்கத் தண்ணீர் மறுக்கப்பட்ட பிள்ளை வளர்ந்து சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1925இல், பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்றுதான் பெயர். புரோகிதர் இல்லாமல் இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் அது கல்யாணம் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டத்திருத்தம் நிறைவேறியது. முன்னிலையில் உறவோ நண்பரோ வேறு யாரோ இருந்தால் போதும்; ஊர், சாதி, மேளம் எதற்கும் அதில் இடம் ஒதுக்கப்படவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான். தனிமனிதன் இறக்குமதி என்பவர்கள் நாற்பத்திரண்டு வருஷப் போராட்டத்தின் மீது ஒரு சுங்கச் சீட்டை ஒட்டப் பார்க்கிறார்கள்.

சரி, அந்தக் கூட்டு வாழ்வு எப்படி இயங்குகிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி தீர்மானிப்பார்கள். தலைக்கட்டு என்றால் பொதுவாகக் கல்யாணமான ஆண். அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் மூன்று தலைக்கட்டு. கல்யாணமாகாத முப்பத்தைந்து வயதுக்காரர் கணக்கில் இல்லை. புருஷனை இழந்தவளுக்கு ஒரு ஊரில் பாதி வரி, இன்னொரு ஊரில் வரியே கிடையாது. அது சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். வரி கொடுத்தவனுக்குத்தான் கூட்டத்தில் வாய். ஒருவனை ஒதுக்கிவைப்பது என்று முடிவானால் ஊர் முதலில் செய்வது அவன் கொண்டுவந்து நீட்டும் வரியை வாங்க மறுப்பது. காலனிப் பக்கம் வரி கேட்டுப் போகவே மாட்டார்கள். 'ஊர்' என்று வாய்நிறையச் சொல்லும்போது அதில் யாரெல்லாம் அடக்கம் என்பது அந்த வரி நோட்டில் பச்சையாகத் தெரியும்.

இதை நான் சமூக ஒப்பந்தம் என்பேன். ரூசோவை இதற்குத் துணைக்கு அழைப்பது வெள்ளைக்காரன் கோட்டை நமக்கு மாட்டிவிடுவதற்காக அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யார், யாருக்குப் பேனாவே தரப்படவில்லை என்று கேட்பதற்காக. மேற்கிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சமூக ஒப்பந்தத்துக்கு அடியில் பெண்ணைக் கட்டிப்போடும் இன்னொரு ஒப்பந்தம் கிடக்கிறது என்று கரோல் பேட்மன் 1988இல் எழுதினார். அது வெள்ளையர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் என்று 1997இல் எழுதினார் சார்லஸ் மில்ஸ். 'மேற்கத்தியத் தத்துவம்' ஒரே குரலில் பேசும் பஜனை கோஷ்டி இல்லை. அங்கே தலைக்கட்டு வரிச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இப்போது படங்களுக்கு வருவோம். மடோன் அஸ்வினின் 'மண்டேலா' (2021) இந்த வரி நோட்டைத்தான் படமாக்கியிருக்கிறது. ஆலமரத்தடியில் முடி வெட்டும் ஒருவர். ஊருக்கு அவர் வேலை வேண்டும், பெயர் வேண்டாம். இளிச்சவாயன் என்றோ ஸ்மைல் என்றோ கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். சேர்த்த காசைப் போட்டுவைக்க அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கப் போகிறார். அங்கே பெயர் கேட்கிறார்கள். மாட்டிக்கொள்கிறார். அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் தேன்மொழி வைத்த பெயர் நெல்சன் மண்டேலா. பெயர் வந்தது, அட்டை வந்தது, வாக்கு வந்தது. ஊர் இரண்டு சாதியாகச் சரிபாதி பிரிந்து கிடக்கிறது. தலை எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். இவருடைய ஒரு வாக்குதான் தராசை இறக்கும்.

சிரித்துக்கொண்டே பார்த்துவிடும் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. 1762இல் வந்த 'சமூக ஒப்பந்தம்' நூலில் ரூசோ எச்சரிப்பது இதைத்தான்: சமூகத்துக்குள் கோஷ்டிகள் உருவாகிவிட்டால் எத்தனை மனிதர்களோ அத்தனை வாக்கு என்பது போய், எத்தனை கோஷ்டியோ அத்தனை வாக்கு என்றாகிவிடும், பொதுநலன் என்னவென்று யாருக்கும் தெரியாமல் போகும். மண்டேலாவின் ஊரில் ஆயிரம் பேர் வாக்களித்தாலும் உண்மையில் இரண்டே வாக்குதான். மூன்றாவது வாக்கு இவருடையது. இரண்டு கோஷ்டியிலும் சேர்க்கப்படாதவர் என்பதால் ஊரிலேயே இவர் ஒருவர்தான் வாக்காளர். இரண்டு பக்கமும் கொட்டிக்கொடுப்பதை ஆரம்பத்தில் ஆசையாக வாங்கிக்கொள்ளும் அவர், ஒரு கட்டத்தில் தனக்கென்று கேட்பதை நிறுத்திவிட்டு ஊருக்கான வேலைகளைக் கேட்கத் தொடங்குகிறார். கூட்டு வாழ்வு என்று பெருமை பேசிய ஊர் இத்தனை வருஷத்தில் கேட்காத பொதுக் காரியங்களைக் கூட்டத்தில் சேராதவர் கேட்கிறார். தனிமனிதன் வந்தால் பொதுநலன் கெட்டுவிடும் என்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்கட்டும்.

'உதிரிப்பூக்கள்' (1979) இதைவிடக் கடுமையானது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் உருவாக்கிய படம். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு ஊர்ப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர். நோயாளி மனைவியை வதைக்கிறவர். மைத்துனியின் மீது கண் வைத்தவர். அவர் செய்யும் கொடுமை எல்லை தாண்டியதும் ஊர் திரள்கிறது. அடிக்கவில்லை, கத்தவில்லை, ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் இறங்கச் சொல்கிறது. அப்போது அவர், தான் செய்த பாவங்களிலேயே பெரியது நல்லவர்களாக இருந்த உங்களை எல்லாம் என்னைப்போல் ஆக்கியதுதான் என்கிற பொருளில் பேசிவிட்டுத் தண்ணீருக்குள் போகிறார்.

அந்தக் காட்சியில் கேமரா கூட்டத்தின் முகங்களைப் பார்க்கும். அவர்களில் யாரும் கொலைகாரன் இல்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒருவரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஊராகச் சேர்ந்ததும் செய்கிறார்கள், செய்த பிறகு யார் செய்தது என்று சொல்ல ஆளில்லை. சட்டப் புத்தகத்தில் இதற்குப் பெயர் உண்டு. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ஆறுமுகம் சேர்வை வழக்கில் எழுதியது. அது தமிழ்நாட்டு வழக்கு. மகேந்திரன் எந்த ஜெர்மன் தத்துவத்தையும் மேற்கோள் காட்டவில்லை. கெட்டவன் ஒழிந்தான் என்று ரசிகன் கைதட்ட முடியாதபடி செய்தார். கூட்டு நீதியைப் பற்றி இவ்வளவு கலக்கத்தோடு யோசித்த தமிழ்ப் படத்தை வைத்துக்கொண்டு, நம் சினிமாவுக்கு இந்தக் கேள்வியே அந்நியம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

எதிர்த்தரப்பில் ஓர் இடம் வலுவானது, மறுக்கக் கூடாது. மேற்கத்தியப் படத்தில் நாயகன் ஒண்டியாக நின்று ஜெயிப்பான், நம் படத்தில் மனிதர்கள் சேர்ந்து நிற்பார்கள். சத்யஜித் ராய் இப்ஸனை எடுத்தபோதுகூட முடிவை மாற்றினார் என்பார்கள். உண்மை. 1882இல் வந்த இப்ஸனின் 'மக்கள் விரோதி' நாடகத்தில், ஊர்க் குளியலகத் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று சொன்ன டாக்டர் கடைசியில் தனித்து நிற்பவனே பலசாலி என்று அறிவிக்கிறார். ராயின் 'கணசத்ரு' (1989) படத்தில் தண்ணீர் கோயில் தீர்த்தமாகிறது. கடைசிக் காட்சியில் டாக்டருக்கு ஆதரவாக இளைஞர்கள் கோஷமிட்டு வரும் சத்தம் கேட்கிறது. தமக்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்று அவர் தேறுகிறார்.

ஆனால் வருகிறவர்கள் யார்? நகராட்சித் தலைவரின் ஆட்கள் இல்லை, கோயில் தர்மகர்த்தாவின் ஆட்கள் இல்லை, சொந்த சாதிக்காரர்களும் இல்லை. அறிக்கையைப் படித்து, சரி என்று பட்டு, அவரவர் முடிவில் வருகிறவர்கள். பிறப்பால் அமைந்த கூட்டம் டாக்டரைக் கைவிட்டது. யோசித்துச் சேர்ந்த கூட்டம் காப்பாற்றுகிறது. ராய் தனிமனிதனைக் கைவிடவில்லை, அவனைப் பலராக்கினார். மறுபக்கம் 'ஹை நூன்' (1952) நினைவிருக்கிறதா? ஊரைக் காப்பாற்ற ஆள் கேட்டு மார்ஷல் மாதா கோயிலுக்குள் போகிறார். நல்லவர்கள் எல்லாரும் எழுந்து மாறி மாறிப் பேசுகிறார்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போய்விடுவதே எல்லாருக்கும் நல்லது என்று முடிக்கிறார்கள். கடைசியில் அவர் பேட்ஜைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டுப் போவது வெற்றி விழா இல்லை. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நேரத்தில், விசாரணைக்கு இழுக்கப்பட்ட கார்ல் ஃபோர்மன் எழுதிய படம் அது. நண்பர்கள் எப்படி நழுவுவார்கள் என்று அவருக்குத் தெரியும். குரும்பலூர் மாணவிக்கு அந்த மாதா கோயில் காட்சி புரியாது என்கிறீர்களா? அவள் ஊர்க்கூட்டம் பார்த்ததே இல்லையா?

'எங்கள் சினிமாவே தனிமனிதனைக் கொண்டாடுவதுதானே, எம்ஜிஆர் முதல் ரஜினி வரை' என்று சிலர் வேறு பக்கமிருந்து வருவார்கள். அதுவும் சரியில்லை. நூறு பேரை அடிக்கும் நாயகன் தனிமனிதன் இல்லை. கூட்டம் மாட்டிக்கொண்ட முகமூடி. அவன் தடுமாறுவதில்லை, தனக்குள் வாதாடுவதில்லை. கூட்டத்தின் கருத்தைத்தான் உரக்கப் பேசுகிறான். தடுமாறுகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் 'அவள் அப்படித்தான்' (1978) மஞ்சுவிடம் போக வேண்டும். ருத்ரய்யாவின் அந்தப் படத்தில் பெண் விடுதலை பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், புத்தகத்திலிருந்து சுதந்திரத்தைக் கற்றவன், கடைசியில் அதைப் பற்றி எதுவும் தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். மஞ்சு தெருவில் இறக்கிவிடப்படுகிறாள். மேற்கத்தியக் கருத்தைச் சுமந்து திரியும் ஆணை நக்கலடிக்கவும் நமக்கு நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் ஜோவின் அப்பாவைப் பாருங்கள். பரியனைத் தனியறையில் வைத்து உறவுக்காரர்கள் அடித்து அவமானப்படுத்திய பிறகு அந்த மனிதர் கெஞ்சுகிறார்; விலகிப் போய்விடு, உன்னையும் கொல்வார்கள், என் மகளையும் கொல்வார்கள். தனியாக விட்டால் அவர் பரியனோடு உட்கார்ந்து டீ குடிக்கக்கூடியவர். கடைசியில் குடிக்கவும் செய்கிறார். அவருக்கும் அந்த டீக்கும் நடுவில் நிற்பது அவருடைய சொந்தபந்தம்.

எங்கள் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கு நெருக்கமான படம் ஒன்று இருக்கிறது. வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் (2023) குண்டுவெடிப்பில் கவிழ்ந்த ரயிலிலிருந்து தொடங்கும். 1987 மார்ச்சில் அரியலூர் மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைக்கப்பட்டு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததை அறிந்தவர்கள் அந்தக் காட்சியைச் சாதாரணமாகப் பார்த்திருக்க முடியாது. படத்தின் உயிர் ரயிலில் இல்லை, சூரி நடித்த குமரேசன் என்ற காவல்துறை டிரைவரிடம் இருக்கிறது. கரடி தாக்கிய ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்காக மேலதிகாரி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். செய்தது தப்பில்லையே, எதற்குக் கேட்க வேண்டும் என்று நிற்கிறான். தண்டனை மேல் தண்டனை. சக காவலர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயேன் என்கிறார்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் நாஜி அதிகாரி ஐக்மன் சொன்னதைக் கேட்டு, யோசிக்காமல் கீழ்ப்படிபவனைப் பற்றி ஹன்னா அரென்ட் எழுதியதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிற மனிதன் இவன். அரென்ட்டைப் படித்தால் குமரேசன் குறையப்போவதில்லை. அதே மருதையாற்றில் 1956 நவம்பரில் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தபோது, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டார். அவர் பாலம் கட்டியவர் இல்லை, ரயில் ஓட்டியவர் இல்லை. இலாகா என்ற பெரிய கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது.

'தனிமனிதவாதம் வந்துதான் குடும்பம் சிதறியது, வயதானவர்கள் கிராமத்தில் தனியாகக் கிடக்கிறார்கள்' என்ற புலம்பலுக்கும் ஒரு வார்த்தை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்கு விமானம் ஏறியவர் மில்லைப் படித்துவிட்டு ஏறவில்லை. தங்கச்சி கல்யாணக் கடன் ஏற்றியது, மானாவாரி நிலத்தில் பொய்த்த மழை ஏற்றியது. குடும்பத்துக்காகத் தனியே போனவரைத் தனிமனிதவாதி என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆசிரியர்களுக்கும் திரைப்பட வட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'உதிரிப்பூக்க'ளையும் 'ஹை நூ'னையும் ஒரே வாரத்தில் போடுங்கள். ரூசோவின் கோஷ்டி எச்சரிக்கையை இரண்டு பக்கம் தமிழில் அச்சடித்து 'மண்டேலா'வோடு கொடுங்கள். அதன் பிறகு, நாம் கூட்டாக வாழ்கிறவர்கள், நமக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது எழுந்து சொன்னால் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் ஊரில் திருவிழா வரி யார் யாரிடம் வாங்குவதில்லை?